ஆடிக் காற்றில் பரிசல்

ஆடி 12, ஞாயிறு.
காற்று இன்னும் அடங்கவில்லை. உடம்பெல்லாம் வலி. முதலில் வெட்கக்கேட்டை எழுதித் தொலைக்கிறேன்: நாற்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை நான், இன்று மேட்டூர் அணைத் தண்ணீரில், சம்பந்தியாக வரவேண்டியவரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு "அம்மோவ்" என்று அலறினேன்.

அவர் (இனி ச.) திருச்செங்கோட்டுப் பக்கம். மகள் ஜாதகம் அவர் வீட்டில் இரண்டு மாதமாக. சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. ஆடியில் கல்யாணப் பேச்சு ஆகாது. சும்மா பரிசலில் போய் வரலாம் என்று ஆள் விட்டிருந்தார்.

புறப்படும்போது மனைவி: "வாய மூடிக்கிட்டு இருங்க. உங்க கேலியில ஏற்கனவே ஒரு எடம் போச்சு."
உண்மை. அந்த மாப்பிள்ளைக்கு மீசை அப்படி. நான் என்ன செய்ய?

கொண்டுபோனவை: புளிச்சோறு, முறுக்கு, குடை. குடையைக் காற்று வாங்கிக்கொண்டது.

நடுத்தண்ணீரில் அலை. என் பக்கம் நனைகிறதென்று ச. எழுந்து, "மச்சான், இங்க உக்காருங்க" என்றார். பெண் கொடுக்கிறவன், அவர் நிற்க உட்கார்ந்திருக்கலாமா? நானும் எழுந்தேன். "நீங்க மொதல்ல." "இல்லீங்க, நீங்க." பரிசல் ஒருபக்கமாகச் சாய்ந்து தண்ணீரை மொண்டது.

"ஏனுங்க சாமி, மருவாதியெல்லாம் கரையில வெச்சுக்கோங்க! குந்துங்க ரெண்டு பேரும்!" பரிசல்காரர் கத்தல். அப்போதுதான் அந்த இடுப்புப் பிடி.

பிறகு குன்றுக்குப் பின்னால் அசையாத தண்ணீர். பட்டுப்போன புளியமரம், உச்சிக்கிளை மட்டும் வெளியே. பரிசல்காரர் அதில் பரிசலைக் கட்டினார். "அணை கட்டறதுக்கு முன்னால இதுக்குக் கீழதானுங்க எங்க ஊடு இருந்துச்சு."

புளிச்சோற்றைப் பிரித்தோம். ச. நனைந்த வேட்டியைப் பிழிந்தார். நான் கேலி பேசவில்லை, மூச்சு இருந்தால்தானே.

ஆடி 14.
சளி. எங்கள் புதுச்சத்திரம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பஸ்ஸில் வந்த எவனோ சொல்லியிருக்கிறான். மனைவி பேசுவதில்லை. மகள் மிளகு ரசம் கொண்டுவந்தாள். "அவருக்கு இடுப்பு வலிக்குதாமாங்கப்பா?" சிரித்தாள். உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. இந்த இடமும் என் கூத்தால் போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆடி 25.
தகவல் இல்லை. காற்று. அலுப்பு.

ஆவணி 1.
விடிந்ததும் ச. வந்தார், தேங்காய் பழத்தோடு. சம்மதமாம்! மனைவி அழுதாள். "அன்னிக்குப் பரிசல்ல நான்..." என்று இழுத்தேன்.

"அதுக்கென்னுங்க மச்சான்? ஆனிக் கடைசி வெள்ளியிலயே கோயில்ல சாமிகிட்டப் பூக் கேட்டு, சம்மதம்னு வெள்ளப் பூ வந்துருச்சுங்க. அப்பவே முடிவு. சொல்றதுக்குள்ள ஆடி பொறந்துருச்சு."