அக்காவின் கணக்கில் என் விரல்

செப்டம்பர் 3, செவ்வாய்

வரலாறு வகுப்பில் தூங்கிவிட்டேன். டீச்சர் மேசையைத் தட்டி, “ராத்திரியெல்லாம் என்ன, லாரி ஓட்டப் போறியா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அக்கா மூச்சு விடுகிறாளா என்று எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இப்போதும் எண்ணிக்கொண்டேதான் எழுதுகிறேன். போர்வைக்குள் டார்ச். அவள் கட்டில் இரண்டடி தள்ளி இருக்கிறது. வேகமாக நாலைந்து மூச்சு விடுகிறாள். அப்புறம் நின்றுபோகிறது. ஒன்று, இரண்டு, மூன்று… பதினொன்று வரும்போது ‘ஹக்’ என்று இழுக்கிறாள். அதுவரை நானும் மூச்சு விடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து இறங்கி வந்தது முதல் இப்படித்தான்.

செப்டம்பர் 4, புதன்

ஞாயிறு நடந்ததை எழுதிவைக்கிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்க வேண்டும்.

வருகிற செவ்வாய் அக்கா உச்சிக்குப் போகிறாள். அதற்கு ஒத்திகையாக மலையில் இரண்டாவது சாவடி வரை போனோம். அக்கா சைக்கிளோடு, நான் தண்ணீர்ப் பையோடு நடந்து. முதல் சாவடி வரைக்கும் மண் பாதை, ஓட்டியே போய்விடலாம். அதற்கு மேல் உருட்டுக்கல். மிதித்தால் பின் சக்கரம் சும்மா சுற்றும், வண்டி பின்னால் வழுக்கும். இறங்கித் தள்ளத்தான் வேண்டும். இரண்டாவது சாவடிக்கு மேல் வெறும் பாறை. அங்கே சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு கையும் காலுமாக ஏற வேண்டும். உச்சியில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் ஒரு முத்திரை. அதைத் தாளில் குத்தி, சைக்கிளோடு தனியாக இறங்கி வந்தால்தான் வழிகாட்டி உரிமம். அது இருந்தால் சைக்கிள் குழுக்களை அக்காவே மலைக்குக் கூட்டிப்போகலாம். இல்லையென்றால் கடையில் பஞ்சர்தான்.

இரண்டாவது சாவடியில் சுமந்து பழகுவதற்காக முன் சக்கரத்தைக் கழற்றினாள். திரும்ப மாட்டும்போது பிரேக் தட்டு வலப்பக்கம் வருகிறமாதிரி மாட்டினாள். “அக்கா, தட்டு அந்தப் பக்கம்” என்றேன். கழற்றினாள். மறுபடியும் அதே மாதிரி மாட்டினாள். ஆறு வருடமாக சைக்கிள் கடையில் வேலை செய்கிறவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டுவாள். மூன்றாவது தடவை நான்தான் மாட்டினேன்.

“குளிர்ல விரல் மரத்துப்போச்சுடி எலி” என்றாள். எலி என்றால் நான்தான்.

விரல் மரத்துப்போனால் இடமும் வலமும் மாறிப்போகுமா?

செப்டம்பர் 5, வியாழன்

தப்புப் பண்ணிவிட்டேன்.

உச்சிக்குப் போகிறவர்கள் அதற்கு முந்தைய ஐந்து நாளும் காலை ஆறு மணிக்கு, படுக்கையை விட்டு இறங்காமல், விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, எண் தெரிகிறமாதிரி படம் எடுத்து, அனுமதி கொடுக்கிற இரண்டாவது சாவடிக்காரருக்கு அனுப்ப வேண்டும். மேலே வந்த பிறகு பார்த்துப் பயனில்லை, சைக்கிளைச் சுமந்துகொண்டு வருகிற எல்லோருக்கும் அங்கே குறைவாகத்தான் காட்டுமாம். அதனால்தான் வீட்டுக் கணக்கு. எங்கள் ஊர் உயரத்துக்குத் தொண்ணூறு இருந்தாலே நல்ல கணக்கு. எண்பத்தைந்துக்குக் கீழே போனால் அந்த வருடம் கிடையாது.

அக்காவுக்கு 78 காட்டியது. விரலை உதறினாள், தேய்த்தாள், வாயால் ஊதினாள். 79.

என் கையைப் பிடித்து மாட்டினாள். 92.

“ஒரு படம்தான்டி.”

“அக்கா, வேணாம். ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு அடுத்த வருஷம்…”

“அடுத்த வருஷமும் இதையேதான் சொல்லுவே. இன்னொரு வருஷம் நான் டியூப் ஒட்டிட்டு உக்காரணுமா? பதினஞ்சாம் தேதிக்கு மேல பனி விழுந்து பாதையை மூடிடுவாங்க. வெறும் சளிடி இது.”

என் விரல் ரொம்ப சுத்தமாக இருந்தது. அக்காவின் நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு. அவளே செயின் கிரீஸைக் கொண்டுவந்து என் ஆள்காட்டி விரலில், நகத்தைச் சுற்றி, பார்த்துப் பார்த்துத் தடவினாள். மருதாணி வைத்துவிடுகிறமாதிரி. படம் எடுத்தாள். அனுப்பினாள். சாவடிக்காரர் ‘சரிம்மா’ என்று பதில் போட்டார்.

அப்புறம் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு.”

சொன்னேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

அவளுக்கு 77. எனக்கு 91. அனுப்பியது என்னுடையது.

கிரீஸ் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரி, “என்னடி, படிப்ப விட்டுட்டு மெக்கானிக் ஆயிட்டியா?” என்றாள்.

செப்டம்பர் 7, சனி

மத்தியானம் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். கடை முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பெடலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா இருமிக்கொண்டே சைக்கிளைத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டினாள்.

“பாப்பா, உங்க அக்கா மலை மேல சைக்கிள சொமந்துட்டுப் போகப்போறாளாம். பாதி வழியில சைக்கிளு அவள சொமக்கப்போகுது பாரு” என்றார்.

“சொமந்தா சைக்கிளுக்கே உரிமம் வாங்கிக் குடுத்துடுங்க மொதலாளி” என்றாள் அக்கா. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நிற்கவே இல்லை. திரும்பிக்கொண்டு துணியில் துப்பினாள். துணியைச் சுருட்டி பாக்கெட்டில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஏம்மா, டாக்டர்கிட்ட காட்டினியா?” என்றார்.

“அஞ்சு நாள் கணக்கு போய்ட்டிருக்கு மொதலாளி. தொண்ணூறுக்கு மேல.”

“அப்ப சரி” என்றார்.

அப்ப சரி. எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். என் விரலைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்றைக்குச் சொல்லியே தீர்வது என்று எழுந்தேன்.

அம்மா வாரம் பூராவும் ஆஸ்பத்திரி லாண்டரியில் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் துணியை இஸ்திரி போடுகிறாள். பக்கத்தில் போய் நின்றேன். அப்பா தூக்கம் கலைந்து வந்து, “ரெண்டு கழுதைக்கும் ஒரே ரூம குடுத்தது தப்பு. ஒண்ணு இருமுது, ஒண்ணு மொணமொணக்குது. விடிகாலை பஸ் எடுக்கறவன் எப்படித் தூங்கறது?” என்று அலுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

“அம்மா, அக்காவப் பாத்தா எனக்கு பயமா இருக்கும்மா.”

“எனக்கு மட்டும் இல்லையா? அதனாலதான் சாவடிக்காரருக்கே போன் பண்ணிக் கேட்டேன். நாலு நாளும் தொண்ணூத்தொண்ணு, தொண்ணூத்திரண்டாம். ‘இந்த வருஷம் வந்ததுலயே உங்க பொண்ணு கணக்குதான் நல்லா இருக்கு’ன்னாரு. பொறவு என்ன? சட்டையக் குடு.”

சட்டையைக் கொடுத்தேன்.

என் விரலை எனக்கே காட்டி அம்மா தைரியம் சொல்கிறாள். அது பொய் என்றால் பொய் யாருடையது? என் கை அக்கா தலைமேல் இருந்ததே. சொன்னால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும். சொல்லாவிட்டாலும் ஆகிவிடும். எதற்கு நான் விரலை நீட்டினேன்? இழுத்துக்கொண்டிருக்கலாமே. கையைத்தானே பிடித்தாள், கழுத்தையா பிடித்தாள்?

செப்டம்பர் 9, திங்கள்

கடைசிப் படம் போய்விட்டது. அவளுக்கு 74.

பையைக் கட்டிவிட்டாள். நாளைக்கு.

எண்ணுகிறேன். இன்று பதினான்கு வரை போகிறது.

செப்டம்பர் 10, செவ்வாய்

எல்லோரும் ஆஸ்பத்திரியில். நான் மட்டும் வீட்டில். விளக்கைப் போட்டே எழுதுகிறேன், ஒளிய யாருமில்லை.

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினாள். வாசலில் சைக்கிளைத் திருப்பும்போது சுவரில் இடித்துக்கொண்டாள். “போய்ட்டு வரேன் எலி. மூஞ்சிய அப்படி வெச்சுக்காதே” என்றாள். நான் வாயைத் திறந்தேன். திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் தெருமுனை திரும்பிவிட்டாள்.

பள்ளிக்கூடம் போனேன். ஏன் போனேன்? ஆபீஸ் ரூமில் போன் இருக்கிறது. மூன்று தடவை அந்தக் கதவு வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை கிளார்க், “என்னம்மா வேணும்?” என்றார். “ஒண்ணுமில்ல சார்” என்றேன்.

போனைப் பள்ளிக்குக் கொண்டுபோகக் கூடாது, வீட்டில்தான் இருந்தது. நாலேகாலுக்கு வந்து பார்த்தேன். பன்னிரண்டு நாற்பதுக்கு அக்கா அனுப்பியிருந்தாள்:

‘எலி முன் சக்கரம் எங்க வெச்சேன் நீதானே வெச்சிருந்தே’

அவ்வளவுதான். நான் அங்கே இல்லையே அக்கா. நான் ஸ்கூல்ல இருந்தேன். உன்கூட யாரும் இல்லையே.

சாவடிக்காரருக்குப் போன் போட்டேன். அழுகைதான் வந்தது. “யாரும்மா? மெதுவா சொல்லு” என்றார். சொன்னேன். விரல், கிரீஸ், 78, 77, 74, எல்லாம்.



“பதினொரு மணிக்கு இங்கதான் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனா. மொகம் சரியில்லன்னு நெனச்சேன். நம்பர் நல்லா இருக்கேன்னு விட்டேன்” என்றார். அப்புறம் யாரையோ கத்திக் கூப்பிட்டார். ஸ்ட்ரெச்சர் எடு, சிலிண்டர் எடு. போனை வைக்க மறந்துவிட்டார். கற்களில் பூட்ஸ் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

உச்சிக்குக் கீழே, பாறை இடுக்கில் உட்கார்ந்திருந்தாளாம். கையுறையைக் கழற்றிப் பக்கத்தில் அழகாக அடுக்கிவைத்துவிட்டு. சைக்கிள் தலைகீழாக. முன் சக்கரம் அவள் மடியிலேயே இருந்ததாம்.

உயிர் இருக்கிறது. அப்பா போனில் அதை மட்டும்தான் சொன்னார். உயிர் இருக்கும்மா, இருக்கு.

செப்டம்பர் 11, புதன்

கண் திறக்கவில்லை.

செப்டம்பர் 14, சனி

கண் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பேச்சு இல்லை.

டாக்டர் அப்பாவை வராந்தாவில் வைத்துச் சொன்னார்: நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. மூளையில் ஒரு இடத்தில் ரத்தம் உறைந்திருக்கிறது. “ரெண்டு மணி நேரம் முன்னாடி கெடச்சிருந்தா பேச்சே வேற. எவ்வளவு திரும்ப வரும்னு இப்ப சொல்ல முடியாது.”

அப்பா தலையாட்டிக்கொண்டே இருந்தார். டாக்டர் போன பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. அம்மா சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். அதற்குமேல் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. திட்டினால் தேவலை.

சாயங்காலம் சாவடிக்காரர் வந்தார். போனில் கேட்ட குரலுக்கு ஆள் ரொம்பச் சின்னவர். அக்காவை எட்டிப் பார்த்துவிட்டு வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எந்த விரல்?” என்றார்.

நீட்டினேன். கையில் வாங்கிப் பார்த்தார். தன் போனை எடுத்து அந்த ஐந்து படங்களையும் ஒவ்வொன்றாக விரலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். போனை அணைத்தார்.

“இத்தன வருஷமா படத்துல நம்பரத்தான் பாத்திருக்கேன்” என்றார். எழுந்து போய்விட்டார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

‘ம்மா’ என்றாளாம். நான் அப்போது அங்கே இல்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு வந்து எட்டு நாள். மறுபடி அதே அறை, அதே இரண்டடி. இப்போது மூச்சு சீராக வருகிறது. நான் எண்ணுவதை விடவில்லை.

இன்று மத்தியானம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

“எலி” என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத்தான் வருகிறது. நான் குனிந்தேன்.

“எத்தன… மணிக்கு… சொன்னே?”

“நாலு இருபதுக்கு.”

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம். அது நிரம்பி வழிந்து, குழாயை மூடியும் விட்டார்கள்.

“நான்… அஞ்சரைக்கே… கெளம்பிட்டேன்” என்றாள்.

“ஆமா.”

வேறு ஒன்றும் கேட்கவில்லை. சத்தியம் வாங்கியது நீதானே என்று நானும் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. அவள் வலது கை அம்மா காலையில் வைத்த இடத்திலேயே போர்வைமேல் கிடந்தது. பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

தண்ணீர் வேண்டும் என்று கண்ணால் காட்டினாள். தம்ளரில் ஊற்றி, கட்டிலைச் சுற்றிப் போய், இடது கைப் பக்கம் வைத்தேன்.