சிவப்புத் தலை போல்ட்

மே 6

லைல் ஹப்கா தன் 1970-ஆம் வருடத்துச் செவெல் காரை நேற்று எங்கள் பட்டறையிலிருந்து எடுத்துப் போனார். கூடு மட்டும்தான் பழையது. என்ஜின், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் புதிதாக வாங்கி நாங்கள் பூட்டியது.

இன்று மேசையைத் துடைக்கும்போது, ஸ்டீயரிங் தண்டுக்கு வாங்கிய கெட்டி போல்ட் உறை பிரிக்காமல் கிடந்தது. முதலில் எல்லாவற்றையும் மலிவு போல்ட் போட்டுப் பூட்டிப் பார்ப்போம். அதன் தலையில் சிவப்பு பெயிண்ட் அடித்திருப்போம். கடைசியாகப் பூட்டும்போது அவற்றைக் கழற்றிக் கெட்டி போல்ட் போடுவோம்; சிவப்பு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. அப்படியானால் அந்த வண்டியில் இப்போது இருப்பது எது?

கடைசிப் பூட்டு எப்போதும் என் கணவர் வெர்ன்தான். கேட்டேன்.

"பாக்கெட்ல ஒண்ணு கூடுதலா வந்திருக்கும். எனக்கே பாடம் எடுக்குறியா?" என்று கத்தினார்.

கத்துகிற மனுஷன் இல்லையே அவர்!

மே 7

லைல் போனை எடுக்கவில்லை. மனைவியோடு டென்னசி மலைப்பக்கம் போகிறார். மலை! அத்தனை வளைவு. அந்தப் போல்ட் அறுந்தால் ஸ்டீயரிங்கை எப்படித் திருப்பினாலும் சக்கரம் திரும்பாது — ஐயோ, எழுதக்கூட வேண்டாம். அவர் மனைவி பியூலாவுக்கும் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

மே 8

போனைக் கீழே வைக்கவே பயமாக இருக்கிறது.

மே 9

பியூலா கூப்பிட்டாள். கெண்டக்கியில் ஒரு விடுதியில் இருக்கிறார்கள்.

"இவரு போனை வீட்லயே விட்டுட்டாரு. பழைய கார்ல பழைய காலம் மாதிரி போவணுமாம்! என் போனையும் இப்பத்தான் பாக்க விட்டாரு. என்ன விஷயம்?"

"வண்டியை எடுக்காதீங்க. லைலை அடியில குனிஞ்சு பாக்கச் சொல்லுங்க. ஸ்டீயரிங் தண்டுல போல்ட் தலை என்ன நிறம்?"

அவர் குனிந்து எழும்வரை போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன்.

"சிவப்பாம். நல்லா பளிச்சுன்னு இருக்காம்," என்றாள், ஏதோ நல்ல செய்தி போல.

மே 11

இழுவை லாரியில் வண்டி திரும்பியது. போல்ட் வளைந்திருந்தது.

"யாருய்யா பூட்டுனது?" என்றார் லைல்.

"நான்தான்," என்றார் வெர்ன்.

லைல் போனதும், கழற்றிய போல்ட்டையும் உறையில் கிடந்ததையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். "இதுல சிவப்பு எது?"

தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார். ரொம்ப நேரம்.

"எதைப் பாத்தாலும் நடுவுல ஒரே புகையா இருக்கு, நோரீன். குளிர்காலத்துலேர்ந்தே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என் கையில ஸ்பேனர் குடுப்பியா நீ?"

கொடுத்திருக்க மாட்டேன்.

மே 15

கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தோம். இனி தேறாதாம், மேலும் கெடாமல் பார்க்கலாமாம். தன் மஸ்டாங் காரை யாரையும் தொடவிடாத ஆள், தானாகவே சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு மறுபக்கம் ஏறிக்கொண்டார்.

சிக்னலில் நின்றோம்.

"பச்சை விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

குளிர்காலம் முழுக்க, அந்தப் பனியில், என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினாரே. அப்போது யாரிடம் கேட்டார்?