வெற்றுச் சீட்டும் நாலு கமர்கட்டும்

14.6.80, சனி

வெயில் ஜாஸ்தி. தோல் ஷெட் வாடை கோயில் வரைக்கும். வேலூரில் வாலிபரை நடத்தும் பயிற்சி முடித்து வந்து இது ஆறாவது வாரம். சபை வாலிபர் சங்கத்தில் (இனி வா.ச.) இன்றும் பதினோரு பேர், அத்தனை பேரும் ஊமை. பயிற்சியில் சொன்னது: பிள்ளைகள் மனம் விட்டுப் பேசும்போது குறுக்கே அறிவுரை சொல்லாதே. பேசினால்தானே! பேசினாலும் என் வாய் சும்மா இருக்காது, டீச்சர் வாய். அடக்கி வைக்க ஒரு டஜன் கமர்கட்டு வாங்கினேன்.

ஸ்டெல்லாதான் கவலை. பதினெட்டு வயது, ஷூ கம்பெனியில் தையல். அம்மா இறந்து மூன்று மாதம். வருகிறாள், பாய் ஓரத்தில் உட்காருகிறாள், போகிறாள்.

புது யோசனை: ஷூ டப்பா, மூடியில் ஓட்டை. மனக்குறையைப் பெயரில்லாமல் எழுதிப் போடலாம். "நான் மட்டும்தான் படிப்பேன், சத்தியம்" என்றேன். துணைக்கு நானும் ஒன்று எழுதிப் போட்டேன். டப்பா போதகர் அறை மேசையில். திங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

15.6, ஞாயிறு

செத்தேன். மணியடிக்கும் தேவதாஸ் அண்ணன், டப்பாவில் இருந்ததையும் ஜெப விண்ணப்பச் சீட்டுகளோடு சேர்த்துவிட்டார். மூட்டுவலி, ஆபரேஷன் எல்லாம் வாசித்த அதே குரலில் போதகர்:

"கட்டிங் செக்ஷன் சேகர் என்னத் திரும்பிக்கூட பாக்க மாட்டேங்கறான்."

சபை: "கர்த்தாவே, கேட்டருளும்."

"முப்பத்திநாலு வயசாச்சு. மேட்னி ஷோ போகணும்னா இன்னும் அம்மாகிட்ட பேப்பர் திருத்தணும்னு பொய் சொல்றேன்."

முதல் வரிசையில் அம்மா. உரக்கக் "கேட்டருளும்" சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பி என்னைப் பார்த்தார்.

கடைசிச் சீட்டு வெறும் தாள். போதகர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "எழுத முடியாத பாரமும் உண்டு" என்றார். அதற்கும் சபை சொன்னது.

வெளியே வந்து தேவதாஸ் அண்ணனிடம் கத்தினேன். "கோயில்ல சீட்டுன்னா ஜெபம்தானேம்மா? வேற இன்னாத்துக்கு எழுதுவாங்க?"

17.6, செவ்வாய்

அம்மா இன்னும் பேசவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை. கேட்கத் தைரியமும் இல்லை. அதைவிட, பிள்ளைகளிடம் சத்தியம் செய்தேனே. இனி ஒருத்தரும் வர மாட்டார்கள். ஸ்டெல்லா கட்டாயம் வர மாட்டாள். அழுகையாக வருகிறது.

21.6, சனி

தூறல். மன்னிப்பு கேட்க ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா.ச.வுக்குப் போனேன். பதினான்கு பேர்! புதிதாக மூன்று, அதில் ஒன்று சேகர். அவன் வெட்கத்தில் தலை நிமிரவில்லை. இரண்டு வரி படிப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ: "வுடுங்க டீச்சர், நீங்களும்தான் மாட்டிக்கினீங்க. இன்னா படம்?" ஒரே சிரிப்பு. எனக்கும்தான்.

அடங்கியதும் பாய் ஓரத்திலிருந்து மெதுவாக:

"அந்த வெத்துச் சீட்டு என்னுது, டீச்சர்."

சட்டென்று ஒரு கமர்கட்டை எடுத்து வாயில் போட்டேன். ஸ்டெல்லா பேசினாள். யாரும் எழுந்து போகவில்லை. நாலு கமர்கட்டு தீர்ந்தது.