நானே விழுந்தேன் என்று சொன்னது

வல்லத்திராக்கோட்டை

என் தங்கம் வெற்றிசெல்வனுக்கு அம்மா எழுதுவது. வலது காலைத் தவிர்த்து நான் முழுக்க நலம், அப்பாவுக்கும் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி சுகமாக இருக்க மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். அந்த டிப்பர் டிரைவர் பேச்சை எடுத்தாலே நீ போனில் கத்துகிறாய், நீ கத்தினால் எனக்கு அழுகை வருகிறது, அதற்குள் சிக்னலும் போய்விடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். அறந்தாங்கி நாகராசு வெள்ளிக்கிழமை சவூதிக்குத் திரும்புகிறான், நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்றைக்கு நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறாய். கடைகளுக்குப் போட வேண்டிய இட்லி மாவு பாக்கெட்டுகளை டிவிஎஸ்ஸில் வைத்துக்கொண்டு ரோட்டோரமாகத்தான் போனேன். கிரஷர் பாதையிலிருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி திரும்பியது, என்னைப் பார்க்கவில்லை. விழுந்ததும் நான் முதலில் பார்த்தது காலை இல்லை, ரோட்டில் வழிந்து கிடந்த மாவைத்தான், இத்தனை மாவும் வீணாகப் போச்சே என்று. அந்த டிரைவர் நினைத்திருந்தால் போயிருக்கலாம், சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. சாவியைக்கூட எடுக்காமல் குதித்து ஓடி வந்தான். நிலவழகன் என்று பேர், உன்னைவிட இளையவன். தலைத்துண்டை அவிழ்த்து என் காலைக் கட்டி, எதிரே வந்த குட்டியானை லோடு வண்டியை மறித்து என்னை ஏற்றி, புதுக்கோட்டை போய்ச் சேரும்வரை என் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தான். மன்னிச்சிருங்க ஆத்தா, ஒங்க மகன் நம்பரச் சொல்லுங்க, நானே சொல்லிர்றேன் என்று அழுதான். என் மகனும் டிரைவர்தாம்ப்பா, சவூதியில டிரெய்லர் ஓட்டுறான் என்றேன். அதற்குப் பிறகு அவன் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டபோது பக்கத்தில் போலீஸ்காரர் ஒருவர் நின்றார், இவன் சுவரோடு ஒட்டி நின்றான். எனக்கு அங்கே நீ நிற்கிற மாதிரி இருந்தது ராசா. நானே சறுக்கி விழுந்தேன், இந்தத் தம்பிதான் தூக்கிக்கிட்டு வந்துச்சு என்று சொல்லிவிட்டேன். இவனைக் கூட்டிப்போய் அடிப்பார்களோ என்று பயம், நஷ்டஈடு என்றால் இவன் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள் என்றும் நினைத்தேன். பிறகு அப்பா புகார் கொடுத்து, கேஸ் போட வக்கீல் ரஞ்சிதாவிடம் போனபோதுதான் அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கும்மா, கட்டப்போறது கம்பெனி, அந்தப் பையன் இல்ல, ஆஸ்பத்திரியிலயே லாரி இடிக்கலன்னு எழுதவச்சுட்டு வந்து நிக்கிறீங்களே என்றார். மறுநாள் காலையில் அப்பா, தியாகி காபி குடிக்கிறீங்களா என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க எனக்குத் தியாகி என்றுதான் பேர். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. காலுக்கு இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அந்தச் செலவுக்காக நீ லீவை ரத்து செய்துவிட்டு ஓவர்டைம் பார்க்கிறேன் என்றதும் சிரிப்பு நின்றுபோனது. என் வாயாலேயே என் பிள்ளையைப் பார்க்க முடியாமல் செய்துகொண்டேனே என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் என்னை விசாரித்தார்கள். நீங்களே விழுந்ததாகச் சொன்னீர்களா இல்லையா என்று இன்சூரன்ஸ் வக்கீல் கேட்டார். சொன்னேங்க, அது பொய்யிங்க என்றேன். அப்போது சொன்னது பொய்யா, பணத்துக்காக இப்போது சொல்வது பொய்யா என்று கேட்டார். அதற்குப் பிறகு நிலவழகனைக் கூப்பிட்டார்கள். நம் வக்கீல் கோர்ட் வழியாக அவனுக்குச் சம்மன் அனுப்பவைத்திருந்தார், வரமாட்டான், வந்தாலும் முதலாளி சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்வான் என்று அப்பா சொல்லியிருந்தார். உள்ளதைச் சொன்னால் வேலை இல்லை என்று லாரி முதலாளி சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். அவன் கூண்டில் ஏறி, அய்யா நான்தான் இடிச்சேன், திரும்பையில நான் சரியாப் பாக்கல, ஆத்தா எனக்காகத்தான் பொய் சொன்னாங்க, ஆஸ்பத்திரி வரைக்கும் அவுங்க கால் என் மடியிலதான் இருந்துச்சு என்று சொல்லிவிட்டான். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். தீர்ப்பு இன்னும் வரவில்லை, ஆனால் இனி கேஸ் நிற்கும் என்கிறார் ரஞ்சிதா. வெளியே வந்ததும் அப்பா அவனை டீக்கடைக்குக் கூட்டிப்போனார், தன் தட்டில் இருந்த வடையை எடுத்து அவன் தட்டில் வைத்தார். உங்கப்பா யாருக்காவது வடையை விட்டுக்கொடுத்துப் பார்த்திருக்கிறாயா நீயே சொல். அன்று சாயங்காலமே முதலாளி அவனிடம் சாவியை வாங்கிக்கொண்டாராம். அவன் மேல் போலீஸ் கேஸ் வேறு இருக்கிறது, அபராதத்தோடு முடிந்துவிடலாம் என்கிறார்கள்.

இப்போது கோபப்படாமல் கேள். பையில் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் அவனுடைய லைசென்ஸ் நகலும் பாஸ்போர்ட் நகலும் வைத்திருக்கிறேன். அவன் கேட்கவில்லை, நான்தான் கேட்டு வாங்கினேன். கேஸ் முடிந்த பிறகு உன் கம்பெனியில் அவனுக்கு டிரைவர் வேலை கிடைக்குமா என்று விசாரி. அவன் கையை ஒடிப்பேன் என்றாயே, அந்தக் கைக்குத்தான் வேலை கேட்கிறேன். முதலில் ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிடு, மனசு ஆறினதும் அதைப் பார்.

லீவுக்கு மறுபடியும் எழுதிக் கொடு, தை மாதம் நீ வரவேண்டும், நஷ்டஈட்டுப் பணம் பிந்தி வந்தாலும் என் கால் பொறுத்துக்கொள்ளும், நான் பொறுக்கமாட்டேன். அம்மன் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல கண்ணும் கொடுக்கட்டும். தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டிவிடு. உன் வண்டியில் அப்படி ஒன்று நேரவே வேண்டாம், நேர்ந்துவிட்டால் ஓடாதே சாமி, இறங்கிப் போ. அந்த ஊர் பாஷையில் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அடிபட்ட காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்.

உன் வருகைக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா திலகவதி