கழட்டின கொயில் யாரோடது

தொரை!

எத்தனை தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையில கருகின வாடை போகல. நம்ம ஆட்டோ கொயில் வாடைதான், பிளக்குக்கு நெருப்பு அனுப்புற அந்தக் கறுப்புக் கட்டி. காலைக் குளிர்ல ஒழுங்கா ஸ்டார்ட் ஆகும். இறம்பொடை ஏத்தத்துல சூடேறினதும் செத்துப்போகும். கொஞ்ச நேரம் ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப ஓடும்.

நேத்தும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு வளைவுலயே நின்னுட்டேன். மழை, மூடுபனி, பின்னால லொறிக்காரன் ஹோர்ன். "இன்னொரு தரம் நின்னா நாங்க வேற ஆட்டோ பாக்க வேண்டியதுதான் அக்கா"ன்னு ஒரு பிள்ளையோட அம்மா சொல்லிட்டாங்க. அந்த ஓட்டம் போனா நான் திரும்பவும் தேயிலைத் தோட்டத்துல கொழுந்துக் கூடையைத் தலையில மாட்டணும். என் முழங்கால் இருக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியும்.

ஸ்டாண்டுல உங்க கூட்டாளி சந்திரண்ணேதான் பார்த்தார். "கொயில் போச்சு தங்கச்சி. எங்கிட்ட ஒண்ணு கெடக்கு, சும்மாவே மாட்டி விடுறேன்"னார்.

சும்மாவா? எனக்குச் சுருக்குன்னுச்சு. என் ஆட்டோ நின்னா அந்தப் பிள்ளைங்க ஏறப்போறது அவர் ஆட்டோவுலதானே.

தராசு முள்ளையே பார்த்து வளர்ந்தவ நான். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவுன்னு கொழுந்து எடையைக் கழிக்கிறவங்ககிட்ட கண்ணைத் திருப்ப முடியுமா? ஆனா நீங்க எனக்கும் மேல. கராஜுல ஆட்டோவை விட்டா, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்கு வந்த தோட்டத் தொரை மாதிரி கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிப்பீங்க. ஒருநாள் மெக்கானிக், "போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்"னதுக்கு, "டீ இங்கயே வரும், நானும் இங்கயே இருப்பேன்"னீங்க. அன்னைக்கு நான் வச்ச பேருதான் இந்தத் தொரை.

அதனால சந்திரண்ணே குடுத்ததை வாங்கல. கெட்டதை மட்டும் கழட்டச் சொல்லி, பையில போட்டுக்கிட்டு நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன். நீங்க வழக்கமா சாமான் வாங்கின கடைதான். முதலாளி ரெண்டு கொயிலை எடுத்து வச்சார். ஒண்ணு ஸ்டிக்கர் ஒட்டின பெட்டியில, ஒண்ணு சும்மா சைனா.

"பெட்டி ஒரிஜினல். உள்ள இருக்கிறது?"

அவர் சிரிச்சார். "ஒங்க மனுசன் மாதிரியே பேசுறீங்க நங்கி." தங்கச்சின்றதைச் சிங்களத்துல அப்படித்தான் சொல்வார்.

"மாட்டிப் பார்த்து, ஏத்தத்துல நின்னுச்சுன்னா திருப்பி எடுப்பீங்களா?"

"கரண்ட் சாமான் திருப்பி எடுக்கிறதில்ல."

குளிர்ல எல்லாக் கொயிலும் நல்ல கொயில்தான். சூடேறினாதானே குணம் தெரியும்? கடைக்குள்ள நான் ஏத்தத்துக்கு எங்க போறது? நம்பராவது ஒத்துப்போகுதான்னு பார்க்கச் சொல்லி பழசைக் குடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நங்கி, இதும் சைனா. ஒங்க மனுசன் மலை யாத்திரை சீசனுக்கு முந்தி எங்கிட்ட ஒரிஜினல்தானே வாங்கிட்டுப் போனாரு?"

எதுவும் வாங்காம திரும்பி வந்தேன். வழி முழுக்க ஒரே நினைப்பு. நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நம்ம ஆட்டோ நின்னது சந்திரண்ணே வாசல்ல.

ஸ்டாண்டுல எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேன். "அண்ணே, எங்க வீட்டுக்காரர் வாங்கிப் போட்ட ஒரிஜினல் கொயில் எங்க?"

"போச்சுடா, தொரைசாணி விசாரணைக்கு வந்துட்டாங்க"ன்னான் ஒரு டிரைவர். சந்திரண்ணே சிரிக்கல.

"நான் சும்மா தர்றேன்னு சொன்னது அதைத்தான் தங்கச்சி. சீசனுக்கு யாத்திரை ஆளுங்களை ஏத்திக்கிட்டு நல்லதண்ணியில ஓடினப்ப என் கொயில் போச்சு. அவர் தன்னோடதைக் கழட்டி என் வண்டியில மாட்டிட்டு, அங்க கெடைச்ச சைனாவைத் தன்னோடதுல போட்டுக்கிட்டார். 'வீட்டுல சொல்லிடாதடா, அவ சிரிப்பா'ன்னார். பிறகு நான் புதுசு வாங்கிட்டேன். இதைத் திருப்பிக் குடுக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள அவர் போய்ச் சேர்ந்துட்டார்…"

கண்ணைத் துடைச்சுக்கிட்டார். நான் அந்தக் கண்ணையும் பார்த்தேன், கையையும் பார்த்தேன்.

அவர் மாட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நின்னேன். "பின்னால ஏறுங்க அண்ணே"ன்னு சொல்லி, அவரையும் வச்சுக்கிட்டே ஏத்தம் முழுக்க ஏத்தினேன். நிக்கல. இன்னைக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனப்பவும் நிக்கல. "நாளைக்கும் நேரத்துக்கு வாங்க அக்கா"ன்னாங்க அந்த அம்மா. ஓட்டம் தப்பிச்சுது.

கொயில் நல்ல கொயில்தான், அதுல சந்தேகம் இல்ல. அது கைமாறின கதையிலதான் என் மனசு நின்னு நின்னு போகுது. ஒரு ஸ்குரூவைக் கூட அடுத்தவன் கையில விடாத மனுசன் நீங்க. என் சிரிப்புக்குப் பயந்து ஒரு நல்ல காரியத்தை மறைச்சிருப்பீங்கன்னா, உங்களை நான் சரியாவே பார்க்கலைன்னு ஆகுது. இல்லேன்னா, நீங்க மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடந்தப்ப நம்ம வண்டியில கை வச்சவருக்கு நான் தினமும் வணக்கம் சொல்லிக்கிட்டு இருக்கேன். நாளைக்குக் காலையிலயும் ஸ்டாண்டுல அவர் முகத்துலதான் முழிக்கணும். சாட்சின்னு நீங்க ஒருத்தர்தான். அந்தக் கொயிலை உண்மையிலேயே நீங்கதான் கழட்டிக் குடுத்தீங்களா?