உன் எண்ணிலிருந்து

மூலை உடைந்து ரப்பர் பேண்டு போட்ட உன் போன் என் மேஜைமேல் கிடக்கிறது. காலையில் உன் வீட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போனார். நீ போய் ஒரு மழைக்காலமே கழிந்துவிட்டது. மனுஷன் இன்னும் ரீசார்ஜ் செய்து வைத்திருக்கிறார். உறையில் உன் தலையெண்ணெய் வாசனை. எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேனடி.

நம் அறிவியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அடுத்த வாரம். முன்பெல்லாம் யார் பேசுவது, எதைப் பேசுவது எல்லாம் கள்ளக்குறிச்சியில் தலைவர் ஒருவரே முடிவு செய்வார். நீதான் எழுந்து கேட்டாய்: “வெள்ளிமலைக்காரங்க இன்னா கேக்கணும்னு இங்க ஃபேனுக்குக் கீழ குந்திக்கினு நாம இன்னாத்துக்கு சார் முடிவு பண்ணணும்?” அதன் பிறகுதான் ஒவ்வோர் ஊர்க் கிளையும் தன் அமர்வைத் தானே அமைக்கலாம் என்று ஆனது.

முதல் வருஷமே வெள்ளிமலை, மணலூர்பேட்டை, திருநாவலூர் மூன்றும் ஒன்றையொன்று கேட்காமல் தண்ணீரையே தலைப்பாகக் கொண்டுவந்தன. தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “உருப்பட்டாப்லதான்” என்று நானும் கேலி செய்தேன். “யாரும் சொல்லிக் குடுக்காம எல்லாரும் ஒண்ணையே கேக்குறாங்கன்னா, அதாண்டி நிகழ்ச்சி” என்றாய் நீ.

இப்போது கிளைகளை ஒருங்கிணைக்கும் உன் இடத்தில் நான். இந்த வருஷம் ஒரு கிளையிலிருந்தும் ஒரு வரி வரவில்லை. நான் வாட்ஸ்அப்பில் போட்டதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். நான் அழைத்தால், தெரியாத எண் என்று எடுப்பதில்லை. “சாயங்காலத்துக்குள்ள வரலன்னா பழையபடி நானே போட்டுடறேங்க. இனிமே எப்பவும் அப்படித்தான்” என்றுவிட்டார் தலைவர். நீ வாதாடி வாங்கியது இன்றோடு போகப்போகிறது. உன்மேல்தான் ஆத்திரம் வருகிறது. ஊருக்கு ஊர் பிரித்துக் கொடுத்தேன் என்றாயே, எல்லாவற்றையும் உன் ஒருத்தியிடமே முடிந்து வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாயே! நான் இன்னாடி பண்ணுவேன்?

வேறு வழி தெரியாமல் உன் போனிலிருந்தே வெள்ளிமலைக் கிளைச் செயலாளரை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“டீச்சர்...”

எங்கோ ஜீப் ஹாரன் கேட்டது. மெல்ல என் பெயரைச் சொன்னேன்.

“அவங்க இல்லன்னு தெரியுங்க. சாவுக்கு வந்தவன்தானே நானு. பேரப் பாத்ததும் கை தானா எடுத்துடுச்சு.”

“கூட்டத்துக்கு ஒண்ணுமே சொல்லலியேங்க?”

“நாங்க எப்பவோ முடிவு பண்ணிட்டோமே! சாமை ஏன் இந்தத் தபா பதரா போச்சுன்னு கேக்கணும். டீச்சரா இருந்தா போன் போட்டு, இன்னா முடிவு பண்ணீங்கன்னு கேப்பாங்க. நீங்க ‘உடனே அனுப்பவும்’னு ஆர்டர்தானே போட்டீங்க. யாருமே கேக்கலீங்க.”

போனை வைத்துவிட்டு அழுதேன். உன்னைத் திட்டியதற்கும் சேர்த்து அழுதேன்.

சாமையை எழுதிக்கொண்டேன். தலைவர் வரும் நேரமாகிறது. அடுத்து மணலூர்பேட்டை. அங்கேயும் முதல் மணியிலேயே எடுத்து “டீச்சர்” என்பார்கள். அதை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லையடி. ஆனாலும் கூப்பிடத்தான் போகிறேன். இந்த போனுக்கு இனி நானே ரீசார்ஜ் போட்டுக்கொள்கிறேன் என்று உன் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்.