வியாழக்கிழமைக் காய்ச்சல்

பழைய நண்பனுக்கு,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு சான்றிதழ் குறைகிறதென்று என் விடுப்பு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவன் நீ. அவள் போன பிறகுதான் அனுமதி வந்தது. அதை நான் மறக்கவில்லை.

நீ இருந்த விடுப்புப் பிரிவு நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். வியாழன்தோறும் உனக்குக் காய்ச்சல் என்று தாள் வருகிறது. "உங்க சிநேகிதருக்குக் காய்ச்சல்கூட நாள் பார்த்துத்தான் வருது சார்" என்று டைப்பிஸ்ட் சிரிக்கிறாள். உன்னை மருத்துவக் குழுவுக்கு அனுப்பக் குறிப்பெழுதச் சொல்லியிருக்கிறார் அதிகாரி. பொய் வெளிப்பட்டால் உன் வேலைக்கே ஆபத்து. திங்கள்வரை அந்தக் குறிப்பை நான் தள்ளிப்போடலாம்.

போன வியாழன், ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உன் மனைவியைக் கைத்தாங்கலாக இறக்கிவந்தாய். "நல்லா இருக்கீங்களா அண்ணா?" என்று அவள்தான் என்னைக் கேட்டாள். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

குடும்பத்தாரைக் கவனிக்கத் தனி விடுப்பு உண்டென்று உனக்குத் தெரியும். நீ எனக்குத் திருப்பி அனுப்பியதே அதைத்தான். அதைக் கேட்டு என் முன்னால் நிற்க வேண்டுமே என்றுதான் காய்ச்சலை வரவழைக்கிறாய், மடையா.

படிவம் உள்ளே இருக்கிறது. நானே நிரப்பிவிட்டேன். அவளைப் பார்க்கும் மருத்துவரின் சான்றிதழை இணைத்துத் திங்களுக்குள் அனுப்பு. அது இல்லாவிட்டால் நானும் திருப்பித்தான் அனுப்புவேன்.

அவளை மெதுவாக நடக்கச் சொல்.

எழுதியது யாரென்று உனக்குத் தெரியும்; ஆனாலும் இதில் கையெழுத்துப் போட்டால் நீ நன்றி சொல்ல வந்து நிற்பாய். அதைத் தாங்கும் மனம் எனக்கு இன்னும் வரவில்லை. கையெழுத்தில்லாமல் அப்படியே தபாலில் போடுகிறேன்.